உங்களுக்குத் தெரியுமா? கூட்டம் சேர்த்த புலிக்குட்டி

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் தொடங்கியது 1851-இல். கல்லையும் எலும்பையும் பார்க்க யார் வருவார்? பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் வளாகத்தில் ஒரு புலிக்குட்டியையும் சிவிங்கிப்புலியையும் வைத்திருந்தார். அவற்றைப் பார்க்க மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கெட்டிக்கார மனிதர், விடுவாரா! ஆற்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளை அன்பளிப்பாகப் பெற்று, 1855-இல் அங்கேயே விலங்குக் காட்சிசாலை திறந்தார். மறு ஆண்டில் விலங்குகளின் எண்ணிக்கை 300-ஐத் தாண்டியது. பின்னர் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. இன்றைய வண்டலூர் பூங்கா அதன் வாரிசுதான். புலி போன பிறகும் கூட்டத்துக்கு ஒரு சாக்கு வேண்டாமா? 1896-இல் அருங்காட்சியக வளாகத்தில் மியூசியம் தியேட்டர் எழுந்தது. அங்கே இன்றும் நாடகங்கள் நடக்கின்றன.