ஊர்காவல் படையினரின் பெயரேடு: வாவிக்கரை ஊர்களிலிருந்து ஒரு குறிப்பு

ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் ஷுஹதாக்கள் தினம் நினைவுகூரப்படுகிறது. 1990இல் அதே திகதியில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இஷாத் தொழுகையில் நின்றவர்களை மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 103 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எட்டு நாள் கழித்து ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த மரணங்களை எங்கட ஊர்கள் மறக்கவில்லை. மறுபக்கம், மே மாதத்தில் அரசாங்கம் படைவீரர்களை நினைவுகூர்கிறது. இந்த இரண்டு நாளிலும் பெயர் சொல்லப்படாத ஒரு கூட்டம் எங்களுக்குள் இருக்கிறது. ஷுஹதாக்கள் பட்டியல் அவர்களைச் சிப்பாய்களாகப் பார்த்து விட்டுவிடும். சிப்பாய்களின் விழாவோ அவர்களை ஊர்க்காரர்களாகப் பார்த்து விட்டுவிடும். ஊர்காவல் படையினர் என்று எழுதுவோம், ஹோம்காட் என்று சொல்லுவோம்.

என் மாமா ஒரு ஹோம்காட். உம்மாவின் மூத்த நானா. பகலில் தறி, இரவில் சென்றி என்று ஏழெட்டு வருஷம் ஓட்டினார். போன வருஷம் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவரைப் பற்றிப் பேசியவர் நல்ல நெசவாளி, கடன் வைக்காதவர் என்று சொன்னார். இரண்டும் உண்மை. ஆனால் அந்த ஸப்பில் நின்ற என் வயதுக்காரர்கள் பலர், எங்களுடைய பள்ளிக்கூட வயதில் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளில் ஆற்றங்கரை மணலில் முழித்திருந்தவர் இவர் என்பதை அறியவே மாட்டார்கள். அன்று பின்னேரம்தான் இந்தப் பெயரேட்டைத் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் இந்தப் படை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இளையவர்கள் பலருக்கு அந்த வரிசை தெரியாது. ஊர்காவல் படைக்கு அடிப்படையான சட்டம் 1985இல் வந்தது. எல்லைப்புறக் கிராமங்களில் இருந்தவர்களையே ஆயுதம் கொடுத்துக் காவலுக்கு நிறுத்துவதுதான் எண்ணம். 1987 ஜூலை 29இல் கையொப்பமான இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் இணைப்பில், வடக்கு கிழக்கில் ஊர்காவல் படை கலைக்கப்படும் என்று எழுதப்பட்டது. 1990 மார்ச்சில் இந்தியப் படை நாட்டை விட்டுப் போனது. ஜூன் 11இல் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சுற்றிவளைத்தார்கள். சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸாரைக் கொன்றார்கள். ஜூலையில் குருக்கள்மடத்தில் பயணிகள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் வரும்போது காத்தான்குடி, ஏறாவூர் மாதிரியான ஊர்களைக் காக்க உள்ளூரில் எந்த ஏற்பாடும் மிச்சமில்லை. ஆகஸ்டுக்குப் பிறகுதான் எங்கட ஆட்கள் பெருமளவில் ஊர்காவல் படையில் சேர்க்கப்பட்டார்கள். ஆயுதம் வந்து சேர்ந்தது கபுறு தோண்டிய பிறகு.

காத்தான்குடியின் நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த வேலை என்ன என்று விளங்கும். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு ஒடுங்கிய மணல் பட்டி. வடக்கும் தெற்கும் தமிழ் ஊர்கள். வாவிக்கு அக்கரையில் படுவான்கரை. வயலும் மாடும் அங்கே. 1990க்குப் பிறகு அக்கரைப் பக்கம் போக முடியாமல் காணியை விட்டவர்கள் எத்தனையோ பேர். வரக்கூடிய ஆபத்து ஒரு பக்கத்திலிருந்து வராது. தோணியில் வரலாம், கடற்கரையால் வரலாம், வேலிக்குள்ளால் வரலாம். ஆகவே ஊரின் ஓரம் முழுக்கக் காவல் நின்றார்கள். ஏறாவூரில் நிலம் வேறு, வேலை இதே வேலைதான்.

மாமாவுடன் ஒரே சென்றியில் நின்ற ஒருவரைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். ஒரு காது கேட்காது. சாய்மனைக் கதிரையை எனக்குத் தந்துவிட்டு வாங்கில் இருந்து பேசினார்:

“மகன், ஆமிக்காரனுக்குக் கேம்ப் இரிக்கி. எங்களுக்கு என்ன இரிந்த? ஒரு டோர்ச், ஒரு சொட்கன். ரவைய எண்ணித்தான் தருவாங்க, விடியச்சாமம் எண்ணித்தான் திருப்பிக் குடுக்கணும். நாலஞ்சு ரவையோட ரா முழுக்க நிக்கிற. பின்னால எங்கட புள்ளயள் படுத்திரிக்கிற வளவு. ஓடுறண்டா எங்க ஓடுற? மறுகா, சுபஹுக்குப் பாங்கு சொன்னாத்தான் மூச்சு வாற.”

பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டேன். சிரித்தார். “துவக்க எப்படிப் புடிக்கிற எண்டு காட்டினாங்க. மிச்சத்த இருட்டு படிச்சுத் தந்த.”

எனக்கு இந்தப் பேச்சில் பட்டது வீரமில்லை. ஊரின் அன்றாடம்தான். இரவில் காவல் நின்றவர் காலையில் கடை திறந்தார், தறியில் இருந்தார், மீன் ஏலத்தில் நின்றார். கொடுப்பனவு சிறியது, அதுவும் நேரத்துக்கு வராது என்று பலரும் சொன்னார்கள். காயப்பட்டவர் ஊர் வைத்தியரிடம் ஓடினார். நஷ்டஈட்டுக்காக ஒரு காரியாலயத்துக்கு மூன்று வருஷம் நடந்தும் ‘கடமைப் பதிவில் உங்கட பெயர் இல்லை’ என்ற பதிலோடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய இடது கையில் சன்னம் இன்னும் இருக்கிறது. பதிவில்தான் இல்லை.

2006இல் இந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டு, 40,000க்கும் மேற்பட்டோர் கொண்ட அமைப்பாகப் பெருத்தது. யுத்தம் முடிந்தபின் அவர்களில் பலர் விவசாயத்துக்கும் கட்டட வேலைக்கும் அனுப்பப்பட்டார்கள். யுத்தத்தில் உயிரிழந்த படையினர் என்று அரச தரப்பு சொல்லும் எண்ணிக்கை 28,619. அதில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தவர் 456 பேர். இந்த 456 என்பது ஒரு தொகை மட்டுமே. அதற்குள் ஏறாவூர் எங்கே, ஓட்டமாவடி எங்கே, காத்தான்குடி எங்கே என்று கேட்டால் அந்த இலக்கம் வாய் திறக்காது. செத்தவர்களின் கதை இது. உயிரோடு வீடு திரும்பி வயசாகிப் போனவர்களுக்கு இலக்கம்கூட இல்லை.

ஹோம்காட் என்ற பெயரே பிரித்தானியாவிலிருந்து வந்தது. 1940 மே மாதம், ஜெர்மன் படை இறங்கிவிடும் என்ற பயத்தில் அங்கே உள்ளூர்த் தொண்டர்களைத் திரட்டினார்கள். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். கடைக்காரர், வாத்தியார், படைக்குப் போக வயது கடந்தவர்கள். ஆரம்பத்தில் அவர்களிடமும் ஒழுங்கான துவக்கு இல்லை. 1944 டிசம்பரில் அந்தப் படையை அணிவகுப்போடு விடைகொடுத்து அனுப்பினார்கள். மூன்று வருஷம் சேவை செய்தவர்களுக்குப் பாதுகாப்புப் பதக்கம் உரித்தானது. ஜெர்மன் சிப்பாய் ஒருவனையும் நேரில் காணாதவருக்கும் அது கிடைத்தது. காவல் நின்ற இரவுகளையே ஒரு சேவையாக அந்த நாடு எண்ணியது.

எங்கட கடலிலேயே இன்னொரு உதாரணம் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. ஹெர்மிஸில் மட்டும் 300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இன்றும் சுழியோடிகள் 50 மீற்றருக்குக் கீழே போய் அந்தக் கப்பலைப் பார்த்து வருகிறார்கள். அதில் செத்த சமையற்காரரின் பெயரும் தளபதியின் பெயரும் பிரித்தானியாவில் ஒரே அளவு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பதவி பார்க்காமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வது என்பது 1917இல் தொடங்கிய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் விதி. அந்த விதியும் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் இறந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்க, ஆசியப் படையினரின் பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை என்று 2021இல் அதே ஆணைக்குழு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களில் மிகப் பலர் சுமைதூக்கிகள். துவக்குத் தூக்கியவனை எழுதினார்கள், சுமை தூக்கியவனை விட்டார்கள். எங்கட நிலைமைக்கு இது கிட்டத்தான் வருகிறது.

இனி, பலருக்குப் பிடிக்காத பகுதி. ஊர்காவல் படையினரை நினைவுகூருவோம் என்று நான் சொன்னதும் ஒரு தமிழ் நண்பர், என்னோடு ஒன்றாக ஆசிரியர் பயிற்சி பெற்றவர், கேட்டார்: “எந்த ஹோம்காட்டை?” அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. 1992 ஏப்ரல் 29இல் பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் 50க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கலாக அதே நாளில் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான கறப்பொலயிலும் முத்துக்கல்லிலும் பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கு இருந்தது என்று மனித உரிமை அமைப்புகள் பதிந்திருக்கின்றன. 1990 ஆகஸ்டில் அம்பாறை மாவட்டத்தின் வீரமுனையில் நடந்தது பற்றியும் இதே குற்றச்சாட்டு உண்டு. தமக்கு எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி எங்கட வேதம் சொல்கிறது. ஆகவே பெயரேட்டில் காவல் நின்ற இரவுகளை எழுதுகிறவர் அந்த நாட்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். அதை மறைத்துவிட்டு எழுதினால், ஒரு குற்றமும் செய்யாமல் மணலில் நின்ற என் மாமா போன்றவர்களும் அதே சந்தேகத்தின் கீழ்தான் கிடப்பார்கள். யார் எங்கே, எந்தக் காலத்தில், எந்தக் காவலரணில் நின்றார் என்று விபரமாக எழுதுவதுதான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

விபரத்துக்கு எங்கே போவது? கடிதம், அடையாள அட்டை, கொடுப்பனவுத் துண்டு என்று வீடுகளில் கொஞ்சம் இருந்தது. 2004 சுனாமியில் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் போனது போக, 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்களே அழித்தது அதிகம். வீடு வீடாகத் தேடுதல் நடந்த அந்தக் கிழமைகளில், வாப்பா துவக்கோடு நிற்கிற படத்தை வைத்திருக்க எந்தப் பிள்ளைக்குத்தான் தைரியம் வரும்? அரசாங்கம் கொடுத்த துவக்கு, அரசாங்கம் கொடுத்த சீருடை. இருந்தும் எரித்தோம். மாமியும் எரித்துவிட்டார். மாமாவுடைய ஒரேயொரு படம் அது.

எஞ்சியிருப்பது ஆட்களின் ஞாபகம்தான். நான் செய்வது இவ்வளவுதான்: ஒரு சீ.ஆர். கொப்பி. பெயர், வாப்பாவின் பெயர், பிறந்த வருஷம், சேர்ந்த வருஷம், விட்ட வருஷம், நின்ற இடம், கூட நின்ற இரண்டு பேர். கூட நின்றவர்களைக் கேட்பது முக்கியம். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சரிபார்க்கலாம். மையவாடிப் பதிவிலும் மரண அத்தாட்சிப் பத்திரத்திலும் திகதியை ஒப்பிடலாம். வருஷம் ஞாபகமில்லாதவர்களிடம் எந்தப் பிள்ளை பிறந்தபோது, எந்த நோன்பில் என்று கேட்டால் வந்துவிடுகிறது. இதுவரை 41 பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் 17 பேர் மௌத்து. ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் யாராவது இதே மாதிரி ஒரு கொப்பி தொடங்கினால் நல்லது. பெண்களிடமும் கேளுங்கள். எந்த இரவு யார் வீட்டில் இல்லை என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

போன கிழமை ஒரு விதவையிடம் போயிருந்தேன். 1991இல் வாவிக்கரைக் காவலில் சுடப்பட்டு இறந்தவரின் மனைவி. தேத்தண்ணி தந்தார். நான் பெயரை எழுதிக்கொண்டிருக்க, கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அவருட வாப்பாட பேரையும் முழுசாப் போடுங்க மகன். இந்த ஊருல அந்தப் பேருல மூணு பேரு ஹோம்காட்டுல இரிந்தவங்க. மத்த ரெண்டு பேரும் உசிரோட இரிக்கிறாங்க.”