பிக்கப்பின் பின் அச்சு: எதை மாற்றுவது?

நெல்மூடை ஏற்றிய பிக்கப் சேற்றிலிருந்து ஏறும்போது 'டக்' என்றொரு சத்தம். அதன்பின் எஞ்சின் ஓடும், சில்லு சுழலாது. "அச்சு முழுவதையும் மாற்று" என்று யாரும் சொன்னவுடன் பணத்தை எடுத்துவிடாதீர்கள். உடைந்தது எது என்று முதலில் கழற்றிப் பாருங்கள்.

டொயோட்டா ஹைலக்ஸில் டிஃபரன்ஷல், அச்சுக்கூட்டிலிருந்து முன்பக்கமாகத் தனியே கழன்று வரும். ஆகவே வில்லுத்தகடுகளுக்கான இருக்கைகளை வெட்டி ஒட்டும் செலவு இல்லை. நாலு சிலிண்டர் வாகனத்தின் டிஃபரன்ஷலுக்குள் வழக்கமாக இரண்டு சிறு பற்சில்லுகள். 1980களின் இறுதியில் வந்த வீ-6 எஞ்சின் வாகனங்களில் நான்கு, பெயரிங்குகளும் பெரியவை. இரண்டும் 8 அங்குல வகையே. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் தேடுவோர் இதைக் கேட்டுப் பார்க்கலாம். பூட்டிப் பார்த்துப் பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாங்குமுன் பற்களை எண்ணுங்கள். பெரிய பற்சில்லில் 41, பினியனில் 10 என்றால் விகிதம் 4.10, 43க்கு 10 என்றால் 4.30. நான்கு சில்லும் இழுக்கும் வாகனமாயின் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே விகிதம் வேண்டும். வேறுபட்டால், தார் வீதியில் நான்கையும் பூட்டி ஓடும்போது பற்சில்லுப் பெட்டி நெரிபட்டு உடையும். மலிவாகக் கிடைத்தது அப்போதுதான் விலை கேட்கும்.

பலமான டிஃபரன்ஷல் வந்துவிட்டதென்று பத்து மூடை கூட்டி ஏற்றுவோரும் உண்டு. வில்லுகளும் சட்டமும் பிறேக்கும் பழையவைதானே! அரை அச்சுகளை இழுப்பதற்குப் பிறேக் குழாயைக் கழற்றியிருப்பார்கள். அதிலுள்ள காற்றை வெளியேற்றி, வெறும் வண்டியில் மெதுவாக ஓடி நிறுத்திப் பார்த்த பின்பே சுமை ஏற்றுங்கள்.