ஜூன் மாதத்துக் கவுன்சிலிங்: கேரள எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளும் பள்ளி ஆலோசகரும்

கேரளத்தில் பள்ளி ஆண்டு ஜூன் தொடக்கத்தில், தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து பிறக்கிறது. பள்ளி ஆலோசகரும் தம் வேலையை அந்த முதல் வாரங்களிலேயே தொடங்குவது நல்லது. அப்போது எந்தப் பிள்ளை மீதும் 'பிரச்சினைக்காரன்' என்ற முத்திரை விழுந்திருக்காது. நவம்பரில் ஒரு மாணவனை மட்டும் வகுப்பிலிருந்து அழைத்தால், அவன் ஏதோ தப்புப் பண்ணிவிட்டான் என்றே மற்றவர்கள் நினைப்பார்கள். ஜூனில் எல்லோரோடும் பேசும் ஆலோசகர், பள்ளியில் இருக்கும் இன்னொரு டீச்சராகவே பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிடுகிறார்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் இதற்குக் கூடுதல் தேவை இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை ஊர்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை தாலுகாக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. மூணாறு மலையில் எஸ்டேட்டுக்குள் இருக்கும் எல்.பி. பள்ளி (தொடக்கப் பள்ளி) நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்தாம் வகுப்புக்குப் பிள்ளை ஜீப்பிலோ பஸ்ஸிலோ டவுனுக்குப் போக வேண்டும், அல்லது ஹாஸ்டலில் தங்க வேண்டும். சில பெற்றோர் தென்காசி, தேனிப் பக்கம் உள்ள பாட்டி வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். இப்படிப் பள்ளியும் ஊரும், சில வேளை பாட மொழியும் ஒரே ஜூனில் மாறிவிடுகின்றன. பத்து வயதில் இவ்வளவையும் சுமப்பது சின்ன விஷயமல்ல. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் மாணவருக்கும் இதே திகைப்புத்தான்.

ஆகவே முதல் வாரத்தில் ஆலோசகர் கேட்டு வாங்க வேண்டியது, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியல். ஐந்திலும் எட்டிலும் பிளஸ் ஒன்னிலும் புதிதாகச் சேர்ந்தவர்கள், விடுமுறையில் தாயையோ தந்தையையோ இழந்தவர்கள், ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள், சென்ற ஆண்டு அடிக்கடி லீவு போட்டவர்கள் எல்லோரும் அதில் வருவார்கள். இந்த விவரங்களில் பெரும்பாலானவை வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்தவையே. யாரும் கேட்காததால் அவர் சொல்லியிருக்கமாட்டார். அதன்பின் ஒவ்வொரு வகுப்புக்கும் போய், தாம் யார், எந்த அறையில் எந்நேரம் இருப்பார் என்று சொல்வது அடுத்த வேலை. தனித்தனியான உரையாடல்கள் பெரும்பாலும் ஜூலையில்தான் சூடுபிடிக்கும். நடுவில் கலெக்டர் அறிவிக்கும் மழை விடுமுறைகள் வேறு தொடர்ச்சியைக் கெடுக்கும்.

இதற்கான ஏற்பாடுகள் கேரளத்தில் ஓரளவு உள்ளன. மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அரசுப் பள்ளிகளில் உளவியல் ஆலோசகர்களை வைத்திருக்கிறது. மேல்நிலைப் பிரிவில் வளரிளம் பருவ மாணவர்களுக்கான 'சௌஹ்ருத' மன்றங்கள் இயங்குகின்றன. 2025-26 கல்வியாண்டில் பொதுக் கல்வித் துறை முதல் இரண்டு வாரங்களில் தினமும் சிறிது நேரத்தைப் பாடநூலுக்கு அப்பால் ஒதுக்கி, போதைப்பொருள், செல்போன் பழக்கம், சாலை விதிகள், சுகாதாரம் பற்றிப் பேசச் சொன்னது. நல்ல முயற்சிதான். ஆனால் ஐம்பது பேர் முன்னால் கேட்கும் அறிவுரையைக் கவுன்சிலிங் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பிள்ளை பேச, பெரியவர் ஒருவர் காதுகொடுத்துக் கேட்பதே கவுன்சிலிங்.

எல்லையோரத்தில் அந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். தமிழ்ப் பிள்ளைக்கு மலையாளம் புரியும். கடையில், பஸ்ஸில் பேசவும் செய்யும். அழுதுகொண்டு பேச அது போதாது. மலையாளத்தில் கேட்டால் 'ஆமா', 'இல்ல' என்று நிறுத்திக்கொள்ளும் பிள்ளை, தமிழில் கேட்டால் 'அப்பா குடிச்சிட்டு வந்தா நெஞ்சு படபடங்குது டீச்சர்' என்று சொல்லக்கூடும். 'மன அழுத்தம்' என்ற சொல்லை எந்தப் பிள்ளையும் பயன்படுத்தாது. வயிற்று வலி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்லும். தமிழ் தெரிந்த சக மாணவனை மொழிபெயர்க்க வைப்பது இன்னும் ஆபத்து. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டி இருப்பவை; ஒரு வீட்டுச் செய்தி மாலைக்குள் வரிசை முழுக்கப் பரவிவிடும். இடுக்கியில் இடமலக்குடியின் முதுவர் பழங்குடியினரும் பாலக்காட்டில் அட்டப்பாடியின் இருளர் பழங்குடியினரும் பேசுவது தமிழுக்கு நெருக்கமான பேச்சு என்றாலும் தமிழே அல்ல. அங்கே அந்தச் சமூகத்திலிருந்து வந்த ஆசிரியரின் துணை வேண்டும்.

ரகசியம் காப்பதன் எல்லையையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னது வெளியே போகாது என்பது பொது விதி. உயிருக்கு ஆபத்து என்றால் அது பொருந்தாது. பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதை முன்பே சொல்லாமல் பின்னர் புகார் கொடுத்தால், பிள்ளை ஏமாற்றப்பட்டதாக உணரும்.

பெரும் இழப்பைச் சுமக்கும் ஊர்களும் இங்கே உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பள்ளிப் பிள்ளைகளும் இருந்தனர். கொரோனாவால் பள்ளிகள் அப்போது மூடிக் கிடந்தன. கேரளத்தில் நேரடி வகுப்புகள் மீண்டும் தொடங்கியது 2021 நவம்பர் 1-இல். தோழனை இழந்த பிள்ளை அவனில்லாத பெஞ்சைப் பார்க்கவே ஓராண்டுக்கு மேல் ஆனது. அத்தகைய ஊரில் கனமழை நாளில் வகுப்பில் கவனம் சிதறும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிவிடாமல் இருக்க, ஆசிரியருக்கும் ஜூனிலேயே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. தேர்வுக் காலத்தைப் போலவே வகுப்பு மாறும் காலத்துக்கும் தனிக் கவனம் கேட்டது. எஸ்டேட் எல்.பி. பள்ளிகள் பல இந்த எண்ணிக்கையை எட்டாதவை. அத்தகைய சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது தீர்ப்பு. குமுளிக் குடும்பத்துக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கொழிஞ்சாம்பாறைக் குடும்பத்துக்குக் கோவையும் போக எளிது, மொழியும் தடையில்லை. அங்கே அனுப்பும்போது பிள்ளையின் நிலையை எழுதித் தரும் கடிதம் மலையாளத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. பெற்றோர் கூட்டத்தைத் தேயிலை பறிக்கும் நேரத்தில் வைக்காமல், கூலி போகாத ஞாயிறன்றோ மாலையிலோ வைத்தால்தான் அந்தக் கடிதத்தை வாங்க ஆள் வரும். மனநல உதவிக்கான கட்டணமில்லாத 14416 டெலி-மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.