தறி யாருடையது, பாவு யாருடையது?

"சர்வர் இல்லைங்க, சாயங்காலமா வாங்க." வங்கி, ரேஷன் கடை, பத்திரப்பதிவு என்று எந்த வாசலுக்குப் போனாலும் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது கேட்காதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சொல்பவருக்கும் அதன் பொருள் முழுதாகத் தெரிந்திருக்காது. கவுண்டருக்கு வரும் கம்பி அறுந்திருக்கலாம். கம்பி நன்றாக இருந்து, எங்கோ தொலைவில் ஓடும் மென்பொருள் படுத்திருக்கலாம். முதல் கோளாறு டெலிகாம் நிறுவனத்தின் தலையில் விடியும், இரண்டாவது ஐடி நிறுவனத்தின் தலையில். இரண்டு பேரும் "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டால், பாஸ்புக்கோடு நிற்பவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கடந்த இருபது ஆண்டுகளாக விதவிதமான ஒப்பந்தங்களைப் போட்டுப் பார்க்கின்றன. ஆயிரக்கணக்கான கோடிகள் புரளும் விஷயம். ஆனால் அதன் சூட்சுமம் கலசப்பாக்கத்தில் இருப்பவருக்குப் புதிதாக இருக்காது.

போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே, செய்யாற்றங்கரையில், ஜவ்வாது மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர் அது. ஆரணிப் பட்டுக்கு நெய்யும் வட்டாரம். இங்கே கூலி நெசவு என்றால் என்னவென்று சிறு பிள்ளைகூடச் சொல்லும். பாவு, ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார். தறியும் உழைப்பும் நெசவாளியுடையவை. சேலை நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. டிசைன் எது, எந்தக் கடைக்குப் போகும், என்ன விலை என்பதெல்லாம் முதலாளியின் கையில். எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கூலிக்கு விடுவது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

2004இல் ஏர்டெல் செய்ததும் இதுதான்.

அப்போது பார்தி ஏர்டெல்லுக்கு ஒரு கோடி வாடிக்கையாளர்கள்கூட இல்லை. ஆனால் மாதாமாதம் லட்சக்கணக்கில் புது இணைப்புகள் சேர்ந்துகொண்டிருந்தன. டவருக்கு மேல் டவர், பில்லிங் கம்ப்யூட்டருக்கு மேல் கம்ப்யூட்டர் என்று வாங்கிக்கொண்டே போனால் கையிருப்பு தாங்காது, ஆளும் கிடைக்காது. நிறுவனர் சுனில் மித்தலும் இணை மேலாண்மை இயக்குநர் அகில் குப்தாவும் பெரும்பாலான டெலிகாம் நிறுவனங்கள் அதுவரை துணியாத ஒரு முடிவை எடுத்தார்கள். நெட்வொர்க்கைக் கட்டிப் பராமரிக்கும் வேலையை ஸ்வீடனின் எரிக்சனிடம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர். பில்லிங் முதல் அலுவலக மின்னஞ்சல் வரை அத்தனை கம்ப்யூட்டர் வேலைகளையும் ஐபிஎம்மிடம் கொடுத்தார்கள். பத்து ஆண்டுக்கு, சுமார் 75 கோடி டாலர். அந்த வேலைகளைச் செய்துவந்த ஏர்டெல் ஊழியர்களும் அந்தந்த நிறுவனங்களுக்கு மாறிப் போனார்கள். "டெலிபோன் கம்பெனி டெலிபோன் லைனையே அடுத்தவன்கிட்ட கொடுத்துட்டா அப்புறம் என்ன கம்பெனி?" என்று தொழில் வட்டாரத்தில் சிரித்தவர்கள் உண்டு.

சிரித்தவர்கள் ஒப்பந்தத்தின் கூலிக் கணக்கைப் பார்க்கவில்லை. அதுவரை கருவி விற்கும் நிறுவனம் எத்தனை பெட்டி தலையில் கட்ட முடியுமோ அத்தனையும் கட்டும். பெட்டி சும்மா கிடந்தாலும் விற்றவருக்குக் காசு வந்துவிடும். ஏர்டெல் இதைத் திருப்பிப் போட்டது. பெட்டிக்குப் பணம் கிடையாது. நெட்வொர்க்கின் கொள்ளளவில் உண்மையில் எவ்வளவு புழங்குகிறதோ அதற்கே பணம். அந்த அளவைக்கு எர்லாங் என்று பெயர். டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங்கின் நினைவாக வந்தது. ஒரு தொலைபேசி லைன் இடைவெளியே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசப்பட்டால் அது ஒரு எர்லாங் மணி. தறியை எண்ணாமல் சேலையை எண்ணிக் கூலி கொடுப்பது போல. ஐபிஎம்முக்கோ வேறு கணக்கு: ஏர்டெல்லின் வருமானத்தில் ஒரு பங்கு. வருமானம் ஏற ஏற அந்தப் பங்கின் சதவீதம் இறங்கும். முதலாளி வளர்ந்தால் கூலிக்காரரும் வளர்வார், ஆனால் அதே வேகத்தில் அல்ல. சாமர்த்தியமான கணக்குதான், மறுக்க முடியாது.

ஏர்டெல் தன்னிடம் வைத்துக்கொண்டவை வாடிக்கையாளர், அலைக்கற்றை உரிமம், பெயர், விலை. 2009இல் அதன் மொபைல் வாடிக்கையாளர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. பேசும் கட்டணம் சில்லறைக் காசுக்கு இறங்கியபோதும் நிறுவனம் மூழ்காமல் நின்றதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இதைப் பாடமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஐபிஎம்மைப் பற்றி ஒரு கிளைக்கதை. பட்டுத் தறியின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியும், அதில் சுற்றி வரும் ஓட்டை போட்ட அட்டைகளும் நெசவு வீடுகளில் அன்றாடக் காட்சி. எந்த இழை ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்பதை ஓட்டைதான் சொல்லும். பிரான்சின் லியோன் பட்டறையிலிருந்து 1804 வாக்கில் வந்த யோசனை அது. அதே ஓட்டை அட்டை உத்தியைக் கொண்டு ஹெர்மன் ஹாலரித் 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை இயந்திரத்தில் எண்ணினார். அவருடைய நிறுவனம் 1911இல் வேறு சிலவற்றோடு இணைந்தது. இணைந்த நிறுவனம் 1924இல் வைத்துக்கொண்ட பெயர்தான் ஐபிஎம். ஏர்டெல்லின் பில் போட வந்தவர்கள் தறிக்குத் தூரத்துச் சொந்தம்.

எல்லாக் கூலி ஏற்பாட்டிலும் ஒரு ஆபத்து உண்டு. நெய்யத் தெரிந்த கை முதலாளியின் வீட்டில் இல்லாமல் போய்விடும். பத்தாண்டு முடிந்து 2014இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது ஐபிஎம்மின் பங்கு முன்னைவிடச் சுருங்கியது. ஸ்மார்ட்போன் வந்த பிறகு செயலிதான் கடை வாசல். அந்த வாசலை அடுத்தவர் கையில் விட மனம் வருமா? ஏர்டெல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்த மென்பொருள் ஆட்களைச் சேர்த்தது. 2025 ஆகஸ்டில் எக்ஸ்டெலிஃபை என்ற துணை நிறுவனத்தைக் களமிறக்கி, தான் எழுதிய மென்பொருளைச் சிங்கப்பூரின் சிங்டெல்லுக்கும் பிலிப்பைன்ஸின் குளோபுக்கும் விற்கக் கிளம்பியது. கூலிக்கு விட்டவர், கூலிக்கு நெய்து தர வந்து நிற்கிறார்!

தனியார் கதை இப்படி. தபால் துறையின் கதை இதைவிட மெதுவாக நடந்தது, ஆனால் அதே தடத்தில்.

2012இல் மத்திய அரசு அஞ்சல் துறையைக் கணினிமயமாக்க 4,909 கோடி ரூபாய் ஒதுக்கியது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். அஞ்சலகங்களை இணைக்கும் நெட்வொர்க் சென்னையைச் சேர்ந்த சிஃபிக்கு. சேமிப்புக் கணக்குகளை வங்கி போல ஒரே மென்பொருளில் கொண்டுவரும் வேலை இன்ஃபோசிஸுக்கு. தபால், பார்சல், கணக்கு, ஊழியர் நிர்வாகம் எல்லாவற்றையும் கோக்கும் வேலை 2013இல் டிசிஎஸ்ஸுக்கு, சுமார் 1,100 கோடிக்கு. நாட்டின் முதல் தபால் நிலைய ஏடிஎம் 2014 பிப்ரவரியில் சென்னை தியாகராய நகரில்தான் திறக்கப்பட்டது. கிளை அஞ்சலகங்களில், அதாவது ஓரிருவர் நடத்தும் கிராமத்துத் தபால் ஆபீஸ்களில், 2017 வாக்கில் சிம் கார்டு போட்ட கைக்கருவி வந்தது. சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் ஏற்பாடும் உண்டு. கருவிக்கு வெயில் போதும், சிம்முக்கு டவர் வேண்டும். மலைக் கிராமங்களில் இரண்டாவது எளிதில் கிடைப்பதில்லை.

பிறகு துறை தன் தறியைத் தானே போட்டுக்கொண்டது. டிசிஎஸ் மென்பொருளின் இடத்தில், அஞ்சல் துறையின் மைசூரு தொழில்நுட்ப மையம் எழுதிய புதிய மென்பொருள் முதலில் கர்நாடகத்தில் சோதிக்கப்பட்டு, 2025 ஆகஸ்ட் 4இல் நாடு முழுவதும் வந்து சேர்ந்தது. 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள். பழைய பாவின் முனையில் புதுப் பாவைப் பிணைக்கும்போது தறி நின்றுதானே ஆக வேண்டும்? ஊருக்கு ஒரு நாள் கவுண்டர் வேலையையே நிறுத்தி வைத்துத்தான் மாற்றினார்கள். மென்பொருள் ஓடுவது அரசின் மேகக் கணினியில், லைன் கொடுப்பது பிஎஸ்என்எல்.

தொழிற்சாலைகளில் டெலிகாமும் ஐடியும் சேரும் இந்தக் கூட்டு இன்னும் நெருக்கமாகிறது. 2022இல் புனே அருகே சாகனில் உள்ள மஹிந்திரா ஆலையில் ஏர்டெல்லும் டெக் மஹிந்திராவும் சேர்ந்து ஆலைக்கென்றே தனி 5ஜி வலை அமைத்தன. பல வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் மென்பொருள் ஏற்றி, சீக்கிரம் வெளியே அனுப்ப முடிந்தது. கைத்தறிக்கு இப்போதைக்கு இது தேவைப்படாது.

ஆனால் டவர் தேவைப்படுகிறது. வாட்ஸ்அப்பில் சேலைப் படம் போகாவிட்டால் வியாபாரமும் போகாது. பல ஆண்டு 4ஜி இல்லாமல் தவித்த பிஎஸ்என்எல், 2023 மே மாதம் சுமார் 15,000 கோடி ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்தது யாருக்கு? கருவி விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அல்ல, ஐடி நிறுவனமான டிசிஎஸ் தலைமையிலான கூட்டணிக்கு. டவரில் ஏறும் ரேடியோ பெங்களூரு தேஜஸ் நெட்வொர்க்ஸ் செய்தது. நெட்வொர்க்கின் மூளையான கோர் அரசு ஆய்வு நிறுவனமான சி-டாட் எழுதியது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து ஓடவைக்கும் பொறுப்பு டிசிஎஸ்ஸுக்கு. 2025 செப்டம்பர் 27இல் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் இதைத் தொடங்கிவைத்தார். இப்படி முழுக்கச் சொந்தமாக 4ஜி அடுக்கு செய்த நாடுகள் உலகில் ஐந்தே ஐந்து என்று அரசு சொல்கிறது.

ஆக, தபால் கவுண்டரில் சேலைப் பார்சலுக்கு இன்று க்யூஆர் கோடில் பணம் கட்டும்போது அந்தக் காசு போகும் மென்பொருள் துறையினுடையது. லைன் பிஎஸ்என்எல்லுடையது. அந்த பிஎஸ்என்எல்லின் புதிய டவரைக் கட்டிக் கொடுத்தது, தபால் மென்பொருளை விட்டு வெளியேறிய அதே டிசிஎஸ்.