பால் கவரும் கிளைவிட்ட மூலக்கூறும்

மேற்கு மாம்பலத்தில் பொழுது புலருமுன்பே பால் வண்டி வந்துவிடும். லேக் வியூ சாலையானாலும் ஆரிய கவுடா சாலையானாலும் காட்சி ஒன்றுதான். பைகள் நிறைந்த பிளாஸ்டிக் தொட்டிகளை 'தொப்'பென்று கடை வாசலில் இறக்குகிறார்கள். கடைக்காரர் கைநிறைய அள்ளி எண்ணிப் போடுகிறார். ஒன்று நழுவித் தரையில் விழுகிறது. ஆனால் உடையவில்லை.

அந்தப் பையை (சென்னையில் நாம் 'பால் கவர்' என்கிறோம், கடித உறைக்கும் இதற்கும் என்ன உறவோ!) கழுவி உலர்த்தி, நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அரை லிட்டர்ப் பை ஏறத்தாழ இரண்டரை கிராம் இருக்கும். தன் எடையைப் போல் இருநூறு மடங்கு பாலை அது சுமந்து வந்திருக்கிறது. அதன் தடிப்பு 50 முதல் 60 மைக்ரான் வரை. அதாவது ஒரு தலைமுடியின் பருமன்.

இந்தத் தாள் எப்படிப் பிறக்கிறது? உங்கள் வீட்டு இடியாப்ப நாழியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் மாவுக்குப் பதில் பாலித்தீன் குருணை. சூடேற்றிய உருளைக்குள் சுழலும் நீண்ட திருகு, குருணையை உருக்கி முன்னே தள்ளுகிறது. முனையில் வட்டமான ஒரு மெல்லிய இடுக்கு. அதன் வழியே உருகிய பாலித்தீன் குழாய் வடிவில் மேல்நோக்கி வெளிவருகிறது. குழாயின் உள்ளே காற்றை ஊதினால் அது சோப்புக் குமிழிபோல் இரண்டு, மூன்று மடங்கு உப்புகிறது. வெளியே குளிர்காற்று பட்டு இறுக, உச்சியில் உருளைகள் அதைத் தட்டையாக்கிச் சுருட்டிக்கொள்கின்றன. ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் நிற்கும் இந்தக் குமிழி ஆடக்கூடாது, கிழியக்கூடாது, ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடிக்கக்கூடாது. சிக்கலெல்லாம் இங்கேதான்.

எல்லாப் பாலித்தீனும் ஒரே பொருள்தானே என்று கேட்பீர்கள். கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்து, ஒவ்வொன்றிலும் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் அமைப்பு எல்லாவற்றுக்கும் பொதுதான். வேறுபாடு சங்கிலியின் வடிவத்தில் இருக்கிறது. 1933-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிப்சனும் ஃபாசெட்டும் எதிலீன் வாயுவை ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வளி அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது மெழுகு போன்ற வெண்பொருள் ஒன்று கிடைத்தது. அதுவே முதல் பாலித்தீன். இம்முறையில் பிறக்கும் மூலக்கூறுகள் கருவேல மரம்போலக் கிளைக்குமேல் கிளை விட்டவை. 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் வினையூக்கியைக் கொண்டு குறைந்த அழுத்தத்திலேயே நேரான சங்கிலிகளைக் கட்டிக் காட்டினார். பிற்பாடு வந்த மூன்றாவது ரகத்தில் முதுகெலும்பு நேரானது; அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குட்டையான பக்கக் கிளைகள். இதை 'நேர்ச்சங்கிலிப் பாலித்தீன்' என்று அழைப்போம். முதல் ரகம் 'கிளைப் பாலித்தீன்'.

இறுகிய தாளில் கெட்டிக்காரன் நேர்ச்சங்கிலிதான். குத்தினால் எளிதில் துளைபடாது, இழுத்தால் நீளும். கீழே விழும் பாலுக்கு ஏற்றது. அப்படியானால் முழுவதும் அதிலேயே செய்துவிடலாமே? உருகிய நிலையில் அதன் குணம் வேறு!

ஆலைக்காரர்கள் குருணையை வாங்கும்போது ஓர் எண்ணைப் பார்ப்பார்கள். 190 டிகிரி செல்சியசில் உருக்கி, 2.16 கிலோ எடையால் அழுத்தி, இரண்டு மில்லி மீட்டர் அளவுள்ள துளை வழியே பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்ற கணக்கு அது. பை செய்யும் ரகங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிராம்தான். ஆனால் இந்த எண் மெதுவாக வழியும் உருகலைத்தான் அளக்கிறது. ஆலையின் இடுக்கில் உருகல் பாய்வதோ பல மடங்கு வேகத்தில்! அந்த வேகத்தில் கிளைப் பாலித்தீன் நன்றாக இளகிக் கொடுக்கும். நேர்ச்சங்கிலி அவ்வளவாக இளகாது; மோட்டார் திணறும். வேகத்தை மேலும் கூட்டினால், இடுக்கின் சுவரை ஒட்டி ஊர்ந்த மேல்தோல் வெளியே வந்ததும் திடீரென இழுபட்டு நுண்ணிய பிளவுகளாகக் கிழியும். காய்ந்த மாவில் பிழிந்த முறுக்கின் ஓரத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறக்குறைய அதே தோற்றம். தொழிலில் இதற்குச் 'சுறாத்தோல்' என்று பெயர். இடுக்கைச் சற்று அகலமாக்குவதும், ஃபுளோரின் கலந்த பலபடி ஒன்றைச் சிறிதளவு சேர்த்துச் சுவரை வழுக்கலாக்குவதும் இதற்குப் பரிகாரம்.

குமிழியில் இன்னும் சுவையான வேறுபாடு உண்டு. நேரான குச்சிகளின் கட்டிலிருந்து ஒன்றை உருவுங்கள், வழுக்கி வந்துவிடும். முள்விறகுக் கட்டில் உருவிப் பாருங்கள். இழுக்க இழுக்க ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு இறுகும். கிளை மூலக்கூறுகளும் அப்படித்தான். குமிழியில் ஓரிடம் தற்செயலாக மெலிந்தால் அவ்விடம் மற்றவற்றைவிட விரைவாக இழுபடும். இழுபட்டதும் அங்கே கிளைகள் சிக்கி இறுகும். பக்கத்திலுள்ள தடித்த பகுதி இழுபடத் தொடங்கும். இவ்வாறு குமிழி தன் குறையைத் தானே திருத்திக்கொள்கிறது. நேர்ச்சங்கிலிக்கு இந்தத் தற்காப்பு மிகக் குறைவு. அதன் குமிழி தளர்ந்து ஆடும். ஆனால் கிளைச் சங்கிலியை அளவுமீறி மெல்லியதாக இழுத்தால் இறுகி அறுந்துவிடும். நேர்ச்சங்கிலி நூலாக நீண்டு கொடுக்கும்.

எனவே பால் பைத் தாளில் இரண்டையும் கலக்கிறார்கள். விகிதம் ஆலைக்கு ஆலை மாறும். நேர்ச்சங்கிலியுடன் பத்துக்கு ஒன்றோ இரண்டோ பங்கு கிளை ரகம் சேர்ந்தாலே குமிழி நிலைகொள்வதைக் காணலாம். இன்னொரு வழி, மூலக்கூறையே மாற்றியமைப்பது. பக்கக் கிளையில் இரண்டு கார்பனுக்குப் பதில் நான்கு அல்லது ஆறு கார்பன் இருக்குமாறு செய்தால் தாளின் உறுதி கூடும். சில புதிய வினையூக்கிகளோ, நேர்ச்சங்கிலியிலேயே அங்கங்கே ஒரு நீண்ட கிளையை முளைக்க வைக்கின்றன. உறுதியும் இளக்கமும் ஒரே மூலக்கூறில்!

இந்த வித்தைகளைக் கற்பிக்கும் மத்திய நிறுவனம் ஒன்று 1968 முதல் கிண்டியில் இயங்குகிறது. மாம்பலத்தில் மின்ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம்.

ஐந்து மைக்ரான் குறைத்தால் என்ன ஆகும்? அரை லிட்டர்ப் பை ஒன்றுக்கு ஐந்தில் ஒரு கிராம் மிச்சம். லட்சம் பைகளுக்கு இருபது கிலோ. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டபோது பால் பைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே அந்த இருபது கிலோ அற்பமன்று. ஆனால் தாள் மெலிய மெலிய, தடிப்பில் சிறு ஏற்றத்தாழ்வும் ஓட்டையாக முடியும். விடிகாலையில் தொட்டியின் அடியில் பால் தேங்கி நிற்கும்.

காலிப் பையிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நாடா வெட்டி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்துபோகாமல் பல மடங்கு நீளும். அது நேர்ச்சங்கிலியின் கைவரிசை. மிச்சப் பையைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கழுவிச் சேர்த்து வைத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வார். கலந்தவை இரண்டும் பாலித்தீனே ஆதலால் மறுபடி ஒன்றாக உருகும். உள்ளே அலுமினியப் பூச்சுள்ள பிஸ்கட் உறையை அவர் தொடவும் மாட்டார்.