பழைய ஸ்டீரியோ செட்டை காயலான் கடையில் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

காலையில் ஷூ கம்பெனி பஸ் வருவதற்குள் ஒரு பாட்டு, ராத்திரி சமைக்கும்போது ஒரு பாட்டு. எல்லாமே செல்போனில்தான். ஆலங்காயம் ஆனாலும் ஆம்பூர் ஆனாலும் இன்று பலர் பாட்டு கேட்பது இப்படித்தான். பரண் மேல் கிடக்கும் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் அடுத்த போகிக்குள் காயலான் கடைக்குப் போய்விடும். போடுவதற்கு முன் ஒரு தடவை மாட்டிக் கேட்டுப் பாருங்கள். ஏன்?

ஸ்டீரியோ என்றால் என்ன?

இடது பக்கம் நின்று ஒருவர் கூப்பிட்டால், அந்தச் சத்தம் இடது காதுக்கு முதலில் வரும். வலது காதுக்கு ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதம். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று மூளை கண்டுபிடிக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் வைத்து இதே உணர்வை உண்டாக்குவதுதான் ஸ்டீரியோ. இங்கிலாந்தின் இ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

தமிழ் சினிமாவில், இளையராஜா இசையில் 1978-ல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள்தான் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்களாக அறியப்படுகின்றன.

செல்போனில் என்ன குறை?

போனில் இருப்பது பொத்தான் அளவு ஸ்பீக்கர். கனமான தாழ்ந்த ஒலிக்குக் காற்றை நிறையத் தள்ள வேண்டும். அதற்கு அதனால் முடியாது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகும். போனில் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இடம், வலம் என்ற பிரிவும் ஒன்றாகக் கலந்துவிடும். நல்ல செட்டில் கேட்டால் பாடகர் நடுவில், வயலின்கள் ஒரு பக்கம், தபேலா இன்னொரு பக்கம் என்று ஆட்கள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

எப்படி வைக்கணும்?

* இரண்டு ஸ்பீக்கர், நீங்கள் உட்காரும் இடம், மூன்றும் சம முக்கோணமாக இருக்கட்டும். ஸ்பீக்கருக்கு நடுவே ஆறடி என்றால், உங்களுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஆறடி.
* பெட்டியில் உள்ள சின்ன ஸ்பீக்கர் உங்கள் காது உயரத்தில் இருக்கணும். பீரோ மேல் ஏற்ற வேண்டாம்.
* சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கொழகொழவென்று ஆகிவிடும். கொஞ்சம் தள்ளி வையுங்கள்.
* வெறும் சிமென்ட் அறையில் சத்தம் எதிரொலிக்கும். திரைச்சீலை, மெத்தை, பாய் இருந்தால் அடங்கும்.
* ஒயரில் சிவப்பு, கறுப்பு மாறிவிட்டதா? ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போகும், பாடகர் குரல் நடுவில் நிற்காது.
* எலி கடித்த ஒயர் இருந்தால், எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் பிளக்கில் சொருகாதீர்கள்.

ஆலங்காயத்துக்கு என்ன வசதி?

நட்சத்திரம் பார்க்க இருட்டு வேண்டும். அதனால்தான் ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பாட்டுக்கு அந்த இருட்டு மாதிரிதான் அமைதி. தெரு அடங்கிய பிறகு, வால்யூம் குறைவாக வைத்தாலே மெல்லிய ஒலிகள் மேலே வரும். லட்ச ரூபாய் செட்டை லாரி போகும் ரோட்டோரம் வைத்தால் அது கிடைக்காது.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் வேலை பார்ப்பவர்களின் காது ஏற்கெனவே களைத்திருக்கும். அவர்கள் இன்னும் குறைத்து வைப்பது நல்லது.

இயர்போன் ஒருவருக்குத்தான் பாடும். ஸ்பீக்கர் வீட்டுக்கே பாடும். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு எதுவென்று பிள்ளைக்குத் தெரிவதும், பிள்ளை கேட்பது அப்பா காதில் விழுவதும் அப்படித்தான். எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருந்து இறக்கி, தூசி தட்டி, ஒரே ஒரு பாட்டு கேளுங்க. காயலான் கடையைப் பற்றி அப்புறம் முடிவு பண்ணலாம்.