கேட்கும் இதயமும் பழனி மலைப் புல்வெளியும்

தாழ்ச்சி என்னும் புண்ணியத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், கைகட்டித் தலைகுனிந்து நிற்பதும், "நான் ஒன்றுமில்லாதவன்" என்று வாயால் சொல்லிக்கொள்வதுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. விவிலியம் காட்டும் தாழ்ச்சி இதனினும் கடினமானது. இளவயது மன்னரான சாலமோன் கிபயோனில் இறைவனிடம் செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ வேண்டவில்லை. கேட்டு அறிகின்ற இதயத்தையே வேண்டினார். அந்த ஞானம் அவரை எங்கே இட்டுச் சென்றது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஓங்கி வளர்ந்த கேதுரு மரத்தையும் சுவரில் முளைத்த ஈசோப்புச் செடியையும் ஒன்றுபோல் பொருட்படுத்தி அறிந்தவராக அரசர்கள் முதல் நூல் அவரைக் காட்டுகிறது.

சிறு செடியைப் பொருட்படுத்தாத அறிவு என்ன செய்யும் என்பதற்கு நம் பழனி மலையே சாட்சி.

கொடைக்கானலைச் சூழ்ந்த உயர்ந்த பகுதிகளில் பள்ளங்களிலே சோலைக்காடும், மேடுகளிலே புல்வெளியுமாக அமைந்திருந்தது தொன்றுதொட்ட ஏற்பாடு. வெள்ளையர் ஆட்சியின் கணக்கில் அந்தப் புல்வெளி பயனற்ற நிலமாயிற்று. மரமில்லாத இடம் வெற்றிடம் என்று எண்ணினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரமும் யூக்கலிப்டஸ் மரமும் வந்தன. பைன் மரமும் வந்தது. விடுதலைக்குப் பின்னர் இந்த நடவு இன்னும் பெருகியது. தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும். ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். நட்டவர்கள் தீயவர்கள் அல்லர். கற்றவர்கள், நாட்டின் நன்மையை நாடியவர்கள். ஆயினும், இந்தப் புல் இங்கே என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

புல்லின் வேலை சிறிதன்று. பெய்யும் மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுவது அந்தப் புல்வெளியும் அதன் அடியிலுள்ள மண்ணும்தான். வடக்கே சண்முகாநதியும் தெற்கே மஞ்சளாறும் இம்மலையின் நீரைக் கொண்டே ஓடுகின்றன; அவற்றை நம்பி வயலில் இறங்குவோர் நம் பங்குகளிலும் உண்டு. விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்களோ நீரை மிகுதியாகக் குடிப்பவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்ந்து, இம்மலை நிலத்துக்கே பெயர் தந்த குறிஞ்சியும் தன் இடத்தைப் பெரிதும் இழந்தது.

இதே மலையில் வேறுவிதமான கல்வியும் நடந்தது. செண்பகனூரில் 1895-இல் சேசு சபையார் நிறுவிய திருஇருதயக் கல்லூரியின் குருக்கள் பலர் செடிகொடிகளை ஆராய்ந்தார்கள். பின்னாளில், திருச்சி புனித வளனார் கல்லூரியின் இராப்பினா தாவரக் காப்பகத்தை உருவாக்கிய சேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார் 1969-இல் கொடைக்கானலின் அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பழனி மலைத் தாவரங்கள் அனைத்தையும் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது 1999-இல். இடையே முப்பது ஆண்டுகள்!

தாவர ஆய்வாளர் ஒரு செடியைக் கண்டதும் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவதில்லை. அதைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, எடுத்த இடத்தையும் நாளையும் எழுதிக் காப்பகத்தில் வைக்கிறார். எதற்காக? நாளை வேறொருவர் வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, "இவர் சொன்ன பெயர் தவறு" என்று திருத்துவதற்கு வழியிருக்க வேண்டும் என்பதற்காகவே. தாழ்ச்சிக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் குருமடத்து நூல்களிலும் கண்டதில்லை.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? நிலத்தை விற்பது, மகளின் படிப்பை நிறுத்துவது, மகனுக்குப் பெண் எடுப்பது ஆகிய யாவற்றையும் தகப்பனார் தாமே தீர்மானித்துவிடுகிறார். அதன் பின்னர் குடும்பத்தைச் செபமாலைக்கு அழைத்து, "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்கிறார். மனைவியிடம் கேட்டாரா? படிக்கும் மகளிடம் கேட்டாரா? தம் முடிவின்மேல் ஆண்டவருடைய முத்திரையைத் தாமே குத்திக்கொள்வது செபமாகாது. இந்தச் சோதனை குருக்களாகிய நமக்கு இன்னும் அதிகம். பிரசங்கம் செய்பவரை எழுந்து மறுத்துப் பேச எவரும் துணிவதில்லை அல்லவா?

மலையின் கதை இன்னும் முடியவில்லை. தீங்கு விளங்கியதும், வாட்டில் மரங்களை ஒன்றுவிடாமல் வெட்டியெறிய வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஆனால் காட்டுக்குள் பல ஆண்டுகள் நடந்து பார்த்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். பல இடங்களில் அந்த அயல் மரத்தின் நிழலிலேயே சோலைமரக் கன்றுகள் தாமாக முளைத்து வளர்ந்துகொண்டிருந்தன. வாட்டிலை ஒரேயடியாக வெட்டினால் இந்தக் கன்றுகள் அழியும். மண்ணில் புதைந்து கிடக்கும் வாட்டில் விதைகளும் வெயில் பட்டு ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஆகவே, புல் எஞ்சியுள்ள இடத்தில் வாட்டிலைப் பிடுங்குக, கன்றுகள் வளரும் இடத்தில் பொறுத்திருக்க என்று அவர்கள் சொல்லலானார்கள். முன்னர் முழுதும் வெட்டச் சொன்னவர்களில் சிலரும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அயல் தாவரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்குத் தமிழக அரசு 2022-இல் ஒரு கொள்கையை வகுத்துள்ளது. எந்தச் சரிவில் வெட்டுவது, எந்தச் சரிவில் விட்டுவைப்பது என்பதை ஒவ்வொரு சரிவாக ஏறி, மண்ணருகே குனிந்து பார்த்தே சொல்ல முடியும். குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்க வேண்டும்.